ஏரிக்கரையில் வளர்ந்த மொழி: வேல்ஸ் நாட்டுச் சிறுவர் முகாம்களின் வரலாறு

கோடை விடுமுறையில் சிறுவர்களுக்கு மொழி கற்பிப்பதற்கென நடத்தப்பெறும் முகாம்களின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தவர்களுக்கு ஓர் ஐயம் எழுந்திருக்கக் கூடும். மொழிப்பாடத்திற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருப்பார்கள். படகு விடுதல், மலையேற்றம், கடற்கரை உலா, பழைய கோட்டை பார்த்தல், இரவில் தீ மூட்டிச் சுற்றி அமர்ந்து பாடுதல் என நாளின் எஞ்சிய பொழுதெல்லாம் வேறு வகையில் கழியும். இது மொழி கற்பிப்பதா, பொழுது போக்குவதா?

தமிழ் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கும் இந்த ஐயம் நெடுநாள் இருந்தது. கசப்பு மருந்தைக் குழைத்துக் கொடுக்கும் தேன்தான் இந்த உலாக்கள் என்று எண்ணியிருந்தேன். வேல்ஸ் நாட்டுச் சிறுவர் முகாம்களின் வரலாற்றைப் படித்த பின்னர் அவ்வெண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. அங்கே தேன் என்று நான் நினைத்ததே மருந்தாக இருந்தது. அந்த வரலாற்றை இங்கே சுருக்கமாகச் சொல்ல முயல்கிறேன்.

கழுத்தில் தொங்கிய கட்டை

பிரிட்டன் தீவின் மேற்குப் பகுதியில் மலைகளும் கடலும் சூழ அமைந்த சிறுநாடு வேல்ஸ். அதன் மொழி வெல்ஷ். கெல்டிக் குடும்பத்தைச் சார்ந்தது. அம்மக்கள் தம் மொழியைக் 'கம்ராய்க்' என்பர். ஆறாம் நூற்றாண்டினர் எனக் கருதப்பெறும் தலியெசின், அனெய்ரின் ஆகிய பாணர்களிலிருந்து தொடங்கும் நீண்ட கவிதை மரபு அதற்கு உண்டு. நம் ழகரத்தைப் போலவே அயலார் நாவில் எளிதில் வராத ஓர் ஒலியும் அதற்கு உண்டு. இரண்டு லகரங்களை அடுத்தடுத்து எழுதி, நாவின் ஓரங்களில் காற்றை உரசவிட்டு ஒலிப்பார்கள். இக்கட்டுரையில் வரும் ஊர்ப்பெயர்கள் பலவற்றின் முதலெழுத்து அதுதான். நம் எழுத்தில் அதற்கு வடிவம் இல்லாமையால் 'ல' என்றே எழுதியிருக்கிறேன், அம்மொழியினர் பொறுத்துக்கொள்வார்களாக.

1536ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்றத்தின் மொழியாக ஆங்கிலத்தை வைத்தது. அரசவாயில் அடைபட்ட அம்மொழிக்குத் திருச்சபையின் வாயில் திறந்தது. 1588இல் வில்லியம் மார்கன் விவிலியம் முழுவதையும் வெல்ஷ் மொழியில் வெளியிட்டார். அன்று முதல் அம்மொழி வழிபாட்டின் மொழியாக, ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியின் மொழியாக உறுதியாக வேரூன்றி நின்றது. அதன் வலிமையும் அதுவே. பின்னாளில் அதன் குறையாகியதும் அதுவே.

1847இல் வேல்ஸ் நாட்டுக் கல்விநிலையை ஆராய்ந்து மூன்று ஆணையர்கள் அறிக்கை அளித்தனர். மூவருக்கும் வெல்ஷ் தெரியாது. மக்களின் பின்தங்கிய நிலைக்கும் ஒழுக்கக் குறைவுக்கும் அவர்களது மொழியே தடையாக நிற்பதுபோல் அவ்வறிக்கை எழுதிற்று. நீல அட்டையிட்டு வந்த அத்தொகுதிகளை 'நீலநூல்களின் துரோகம்' என்று வேல்ஸ் மக்கள் இன்றும் குறிப்பிடுகின்றனர்.

அந்நூற்றாண்டுப் பள்ளிகள் பலவற்றில் ஒரு கொடிய வழக்கம் இருந்தது. வெல்ஷ் மொழியில் பேசிய சிறுவனின் கழுத்தில் ஒரு மரக்கட்டையைத் தொங்கவிடுவார்கள். அடுத்து யார் அம்மொழியில் பேசுகிறார்களோ அவர்கள் கழுத்துக்கு அது மாறும். மாலையில் பள்ளி விடும்போது யார் கழுத்தில் கட்டை இருக்கிறதோ அவருக்கு அடி. இதற்கு அரசாணை எதுவும் இல்லை. பிள்ளைகள் ஆங்கிலம் கற்று முன்னேற வேண்டும் என்ற விருப்பத்தினால் பெற்றோர் பலரும் இதை ஏற்றிருந்தனர். தமிழில் பேசினால் அபராதம் என்ற விதியை நம் ஊர்ப் பள்ளிகள் சிலவற்றில் கண்டவர்களுக்கு இச்செய்தி வியப்பளிக்காது. அவ்விதியையும் பெற்றோரின் நல்லெண்ணமே தாங்கி நின்றது.

அக்கட்டையைக் கழுத்தில் அணிந்த சிறுவர்களுள் ஒருவர், பாலா ஏரியின் தலைமாட்டில் உள்ள லானியூக்லின் என்ற சிற்றூரில் 1858இல் பிறந்த ஓ.எம். எட்வர்ட்ஸ். பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டில் வரலாற்றுப் பேராசானாக விளங்கியவர். 1907இல் வேல்ஸ் நாட்டுப் பள்ளிகளின் முதல் தலைமை ஆய்வாளராக அமர்ந்தவர். கழுத்தில் தொங்கிய கட்டையைப் பற்றித் தம் இளமை நினைவுகளில் அவர் எழுதிய பகுதி அம்மொழியின் உரைநடையில் பெரிதும் அறியப்பட்டது. 1892இல் சிறுவர்களுக்கென ஒரு திங்களிதழை அவர் தொடங்கினார். 'சிறுவர்களின் வேல்ஸ்' என்பது அதன் பெயரின் பொருள்.

ஓர் இதழில் வந்த வேண்டுகோள்

எட்வர்ட்ஸ் 1920இல் மறைந்தார். இதழின் பொறுப்பை அவர் மகன் இவான் ஏற்றார். தந்தையின் பெயரைத் தன் பெயரோடு இணைத்து 'இவான் அப் ஓவன்', அதாவது 'ஓவனின் மகன் இவான்', என்று எழுதிக்கொண்டவர் அவர். முதல் உலகப்போரில் பிரான்சில் பணியாற்றித் திரும்பி, கல்விப்பணியில் இருந்த இளைஞர்.

1922 சனவரி இதழில் சிறுவர்களை நோக்கி அவர் ஒரு வேண்டுகோள் விடுத்தார். இன்று ஊர்கள் பலவற்றிலும் நகரங்களில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் சிறுவர்கள் ஆங்கிலத்தில் விளையாடுகிறார்கள், ஆங்கிலத்தில் படிக்கிறார்கள், தாங்கள் யார் என்பதை மறந்துவருகிறார்கள் என்பது அதன் கருத்து. இதைத் தடுக்க ஓர் அமைப்பு வேண்டும்; சேர விரும்புவோர் எழுதுக என்று முடித்திருந்தார்.

இதில் 'விளையாடுகிறார்கள்' என்ற சொல் முன்னே நிற்பதைக் கவனிக்க வேண்டும். 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி வெல்ஷ் பேசுவோர் 9,77,366 பேர். வேல்ஸ் நாட்டு மக்களுள் 43.5 விழுக்காடு. 1921இல் அது 37.1 விழுக்காடாக இறங்கிற்று. கோயிலில் மொழி இருந்தது; கவிதைப் போட்டிகளில் இருந்தது; பாட்டியின் வாயில் இருந்தது. தெருவில் பந்தாடும் பிள்ளைகளின் வாயில் மட்டும் அது குறைந்துகொண்டே வந்தது. தெருவில் இல்லாத மொழி ஒரு தலைமுறை கடந்தால் கோயிலிலும் இராது என்பதை அந்த இளைஞர் கண்டுகொண்டார். தந்தை பள்ளிக்கூடத்துக்குள் போராடினார். மகன் விளையாட்டுத் திடலைத் தேர்ந்தெடுத்தார்.

அவ்வமைப்பின் பெயர் 'உர்த் கொபைத் கம்ரி'. வேல்ஸின் நம்பிக்கைச் சங்கம் என்று அதைத் தமிழாக்கலாம். சுருக்கமாக 'உர்த்' என்பர். ஒலிப்பு 'இர்த்' என்பதற்கு நெருக்கமானது. வடகிழக்கில் உள்ள திரெய்தின் என்னும் ஊரில் 1922இலேயே முதற்கிளை தோன்றிற்று. நாட்டுக்கும் சக மனிதருக்கும் கிறித்துவுக்கும் உண்மையாக இருப்பேன் என்பது உறுப்பினரின் உறுதிமொழி. பச்சை, சிவப்பு, வெள்ளை என்ற மூவண்ண முக்கோணம் அதன் சின்னம்.

முதல் கூடாரங்கள்

இதழ் வழியாக மொழியை வளர்க்கலாம். ஆனால் படிக்கிற பிள்ளை தனியே படிக்கிறது. விளையாட்டுக்குக் கூட்டம் வேண்டும். அக்கூட்டம் முழுவதும் ஒரே மொழியில் இயங்கவேண்டுமாயின் அதற்கென ஓர் இடம் வேண்டும். 1928இல் எட்வர்ட்ஸ் குடும்பத்தின் ஊராகிய லானியூக்லினிலேயே முதல் முகாம் கூடாரங்கள் அடித்து நடத்தப்பெற்றது. மறு ஆண்டில் கார்வென் நகரில் சிறுவர்களுக்கான முதல் தேசிய 'ஐஸ்டெத்வொத்', அதாவது இசை, கவிதை, நாடகப் போட்டி விழா, நிகழ்ந்தது.

1932இல் நிலையான முகாம் ஒன்று அமைந்தது. கெரெடிகியன் கடற்கரையில் லாங்ரானொக் என்னும் மீனவச் சிற்றூரை ஒட்டிய மேட்டுநிலம் அது. கூடாரங்களும் மரக்குடில்களுமாகத் தொடங்கிய அவ்விடம் இன்றும் சிறுவர் முகாமாகவே இயங்கிவருகிறது. தொடக்க ஆண்டுகளில் சீருடையும் அணிவகுப்பும் உடற்பயிற்சியும் மிகுதியாக இருந்தன. போரிலிருந்து திரும்பிய ஒருவர் நடத்திய அமைப்பில் இச்சாயல் இருந்தது இயல்பே. அமைதிநெறியில் ஆழ்ந்த பற்றுடைய அந்நாட்டில் அதனை விரும்பாதவர்களும் இருந்தனர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

உலா செய்த வேலை

லாங்ரானொக் முகாமிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் பாதை ஒன்று உண்டு. பாறைமேட்டின் விளிம்பை ஒட்டிச் செல்வது. முகாமுக்கு வந்த எல்லாத் தலைமுறைப் பிள்ளைகளும் நடந்த பாதை அது. நாம் மேலே எழுப்பிய ஐயத்துக்கு விடை அப்பாதையில் இருக்கிறது.

கடற்கரையில் தனித்து நிற்கும் ஒரு பெரும்பாறைக்குக் 'கரெக் பிக்கா' என்று பெயர். பிக்கா என்ற அரக்கனுக்குப் பல்வலி வந்ததாம். வலி பொறுக்காமல் பிடுங்கித் துப்பிய பல்லே இப்பாறையாம். பாறையைச் சுட்டிக்காட்டி இக்கதையைச் சொல்லும்போது அரக்கன், பல், வலி, துப்புதல் ஆகிய சொற்கள் பிள்ளையின் மனத்தில் பதிகின்றன. பட்டியலாகக் கொடுத்தால் மறுநாள் மறந்துபோகும் சொற்கள் ஒரு பாறையின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. அடுத்த கோடையில் அப்பாறையைக் காணும்போது அவை கூடவே வரும்.

ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் சாரா ஜேன் ரீஸ் என்ற பெண்மணி துயில்கிறார். 1839இல் பிறந்து 1916இல் மறைந்த அவரைக் 'கிரனோக்வென்' என்ற புனைபெயரால் நாடு அறியும். கப்பலோட்டும் கலையைக் கற்று, தம் ஊர் இளைஞர்களை மாலுமிகளாகப் பயிற்றுவித்தவர். 1865ஆம் ஆண்டின் ஐஸ்டெத்வொத் விழாவில் பெயர்பெற்ற ஆண்கவிஞர்களை வென்று பரிசு பெற்றவர். பெண்களுக்கென இதழ் நடத்தியவர். 2023இல் அவ்வூரில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. அடுத்துள்ள பொன்ட்கரெக் என்ற சிற்றூரில், கடற்கொள்ளையர் கதைகளால் சிறுவர் உள்ளங்களைக் கவர்ந்த டி. லூ ஜோன்ஸ் (1915–2009) நெடுங்காலம் வாழ்ந்தார். கூப்பிடு தூரத்தில் கடல், கதை, கவிதை மூன்றும் கிடைக்கும்போது இலக்கிய வரலாற்றுக்குத் தனி வகுப்பு எதற்கு?

பாடநூலைத் தாண்டிய மற்றொரு காரியத்தையும் உலா செய்கிறது. வகுப்பறையில் ஆசிரியர் கேட்பார், மாணவர் விடையளிப்பார். வாழ்க்கையில் மொழி அப்படி இயங்குவதில்லை. கயிற்றைப் பிடி, துடுப்பை மாற்று, வழுக்குகிறது, தள்ளி நில், எனக்கும் கொஞ்சம் கொடு, அவன்தான் முதலில் தள்ளினான் என்று ஏவலும் அச்சமும் முறையீடும் சண்டையும் கேலியுமாகவே பிள்ளைகளின் மொழி இருக்கிறது. கோயிலின் வெல்ஷ் மொழிக்கு இவ்வகைச் சொற்கள் வேண்டியிருக்கவில்லை. முகாமின் வெல்ஷ் மொழி இவை இல்லாமல் ஒரு வேளை உணவைக்கூட உண்டு முடிக்க இயலாது. மொழியைச் சட்டைப்பையில் மடித்துவைத்த ஞாயிற்றுக்கிழமைக் கைக்குட்டையாக இல்லாமல் அன்றாடம் அழுக்காகும் ஆடையாக மாற்றியதே இம்முகாம்களின் அருஞ்செயல் என்பேன்.

மாலையில் நாட்டார் நடனமும் 'நோசன் லாவென்' எனப்படும் மகிழ்விரவும் நிகழும். பண்ணை வீடுகளில் அண்டை அயலார் கூடிப் பாட்டும் கதையும் நகைச்சுவையுமாகக் கழித்த இரவுக்கூட்டத்தின் தொடர்ச்சி அது. பிள்ளைகளை நடத்திச் செல்லும் இளைஞர்களைச் 'சுவோக்' என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். அலுவலர் என்று பொருள்படும் சொல்லின் சுருக்கம். முன்னாளில் முகாமுக்கு வந்த பிள்ளைகள் வளர்ந்து சுவோக்குகளாகத் திரும்புவது அங்கே வழக்கம். ஆசிரியரின் மொழியாக இல்லாமல் அண்ணன் அக்காளின் மொழியாக வெல்ஷ் வந்துசேர்ந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு ஆசிரியரைவிடப் பதினெட்டு வயது அண்ணனிடம்தான் மதிப்பு அதிகம் என்பதை நாம் அறிவோம்.

கடல் கடந்த உலா

உலா கடற்கரையோடு நிற்கவில்லை. 1933இல் ஒரு கப்பலை அமர்த்திக்கொண்டு நார்வே நாட்டுக்கு ஒரு பயணத்தை உர்த் நடத்தியது. கப்பல் முழுவதும் வெல்ஷ் ஒலித்தது. உலகம் காண ஆங்கிலம் ஒன்றே கப்பல் என்று நம்பிய பெற்றோருக்கு இதைவிட நேரான விடை வேறு என்ன இருக்க முடியும்? 1935இல் இவான் அப் ஓவன் எட்வர்ட்ஸும் எழுத்தாளர் ஜான் எல்லிஸ் வில்லியம்ஸும் சேர்ந்து, கற்சுரங்கத் தொழிலாளர் வாழ்வைப் பற்றி வெல்ஷ் மொழியின் முதல் பேசும்படத்தை எடுத்தனர். அது ஊர்ஊராகத் திரையிடப்பெற்றது.

1939இல் இரண்டாம் உலகப்போர் மூண்டது. நகரங்களிலிருந்து ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் பாதுகாப்புக்காக அபெரிஸ்ட்வித் நகருக்கு வந்து குவிந்தனர். உள்ளூர்ப் பள்ளியின் மொழி ஒரே பருவத்தில் மாறிவிடும் என்ற கவலை எழவே, வெல்ஷ்வழித் தொடக்கப்பள்ளி ஒன்றை இவான் அங்கே நிறுவினார். ஏழே மாணவர்கள், நோரா ஐசக் என்ற ஒரே ஆசிரியை. அவ்வெழுவருள் ஒருவர் இவானின் மகன் ஓவன். முகாமிலும் திடலிலும் கண்ட நம்பிக்கை இங்கே பள்ளியாயிற்று. வரிசை தலைகீழாக இருப்பதைப் பாருங்கள். முதலில் விளையாட்டு, பிறகு உலா, அதற்குப் பின்னரே பள்ளிக்கூடம்.

இரண்டு நீர்நிலைகள்

1950இல் இரண்டாவது நிலையான முகாம் அமைந்தது. பாலா ஏரி, வெல்ஷ் மொழியில் 'லின் தெகித்', வேல்ஸ் நாட்டின் மிகப்பெரிய இயற்கை ஏரி. ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் நீளம். பனியூழியில் அடைபட்டுப்போய் வேறெங்கும் இல்லாமல் அங்கு மட்டுமே வாழும் 'குவினியாத்' என்ற மீன் வகை அதில் உண்டு. வில்லியம்ஸ்-வின் என்ற பெருநிலக்கிழார் குடும்பத்தின் வேட்டை மாளிகை ஏரிக்கரையில் இருந்தது. அதுவே 'கிலான்-லின்' முகாமாயிற்று. பெயருக்கு ஏரிக்கரை என்றே பொருள். ஒரு காலத்தில் பெருமக்கள் துப்பாக்கியோடு தங்கிய வீட்டில் நிலக்கரிச் சுரங்கத்தாரின் பிள்ளைகளும் உழவர் பிள்ளைகளும் தங்கிப் படகோட்டக் கற்றனர்.

அக்காலத்தில் ரயில்பாதை ஏரியின் எதிர்க்கரையில் ஓடிற்று. முகாமுக்கு வரும் பிள்ளைகள் அங்கிருந்த சிறிய நிறுத்தத்தில் இறங்கிப் படகில் ஏரியைக் கடந்து வந்தனர். கரையில் ஆங்கில உலகம் பின்தங்க, நீரைக் கடந்து தம் மொழிக்குள் நுழையும் அனுபவத்தை எந்த ஆசிரியரால் திட்டமிட்டு அமைத்திருக்க முடியும்? அந்த ரயில்பாதை 1965இல் மூடப்பட்டது.

அதே 1965இல் பாலா நகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் மற்றொரு நீர்நிலை நிரம்பிற்று. ட்ரவெரின் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கப்பெல் கெலின் என்ற சிற்றூர் இருந்தது. முழுவதும் வெல்ஷ் பேசிய ஊர். ஒரு கோயில், ஒரு பள்ளி, ஓர் அஞ்சலகம், சில பண்ணை வீடுகள். லிவர்பூல் நகரின் தண்ணீர்த் தேவைக்காக அப்பள்ளத்தாக்கில் அணை கட்ட அந்நகராட்சி முனைந்தது. 1956 நவம்பரில் ஊரார் திரண்டு லிவர்பூலுக்குச் சென்று தெருக்களில் ஊர்வலம் நடத்தினர். எங்கள் வீடுகளை மூழ்கடிக்காதீர் என்று பதாகை ஏந்தி நடந்தவர்களுள் சிறுவர்களும் இருந்தனர். பிற பிள்ளைகள் ஏரியில் படகு விடச் சென்ற அதே வட்டாரத்தில், இவர்கள் தங்கள் ஊரைக் கேட்டு மன்றாடச் சென்றனர். வேல்ஸின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஏறத்தாழ அனைவரும் எதிர்த்தும் 1957இல் சட்டம் நிறைவேறியது. 1963இல் பள்ளி மூடப்பட்டது. 1965இல் ஊர் நீருக்குள் போயிற்று. லிவர்பூல் நகராட்சி 2005இல் மன்னிப்புக் கோரியது.

ஒரு நீர்நிலையின் கரையில் மொழி வளர்க்கப்பட்டது. மற்றொன்றின் அடியில் மொழி வழங்கிய ஊர் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இம்முகாம்களின் உண்மையான பொருள் விளங்கும். இயல்பாக மொழி வாழும் ஊர்கள் குறையக் குறைய, அவ்வூரின் வேலையை ஒரு வாரத்துக்காவது செய்யும் இடமாக முகாம் மாறவேண்டியிருந்தது. அபெரிஸ்ட்வித் நகருக்குத் தெற்கே லான்றஸ்டித் அருகில், நெடுஞ்சாலையோரத்தில் ஓர் இடிந்த சுவர் நிற்கிறது. 'ட்ரவெரினை நினைவில் கொள்ளுங்கள்' என்று 1960களின் தொடக்கத்தில் மெய்க் ஸ்டீவன்ஸ் என்ற இளைஞர் அதில் தீட்டிவைத்தார். பிறகு எழுத்தாளராகப் பெயர்பெற்றவர் அவர். அபெரிஸ்ட்வித்திலிருந்து லாங்ரானொக் முகாமுக்குச் செல்லும் பிள்ளைகளின் வழி அந்தச் சுவரைக் கடந்தே போகிறது. உலாவின் பாடத்திட்டத்தில் யாரும் எழுதிவைக்காத பாடம் அது.

முகாமுக்கு வந்த புதியவர்கள்

1962 பிப்ரவரியில் சாண்டர்ஸ் லூயிஸ் வானொலியில் 'மொழியின் விதி' என்ற சொற்பொழிவை நிகழ்த்தினார். அதைத் தொடர்ந்து மொழியுரிமைப் போராட்டங்கள் எழுந்தன. 1961ஆம் ஆண்டுக் கணக்கில் வெல்ஷ் பேசுவோர் 26 விழுக்காடு, 1971இல் 20.8, 1981இல் 18.9. மறுபுறம் வெல்ஷ்வழிப் பள்ளிகள் பெருகின. 1956இல் ரில் நகரில் முதல் வெல்ஷ்வழி உயர்நிலைப் பள்ளி தொடங்கிற்று. அப்பள்ளிகளில் சேர்ந்தவர்களில் ஆங்கிலம் மட்டுமே பேசும் வீடுகளின் பிள்ளைகள் நாளடைவில் மிகுந்தனர். வகுப்பில் வெல்ஷ், வீட்டில் ஆங்கிலம், இடைவேளையில் ஆங்கிலம் என்று அவர்கள் வாழ்வு அமைந்தது. 1922இல் இவான் கண்ட அதே நோய் புதுவடிவில் திரும்பிற்று.

முகாம்களும் தம்மை மாற்றிக்கொண்டன. லாங்ரானொக்கில் செயற்கைப் பனிச்சறுக்குச் சரிவும் நீச்சல்குளமும் குதிரைச் சவாரியும் வந்தன. கிலான்-லின் பாய்மரப் படகுக்கும் மலையேற்றத்துக்கும் பெயர்பெற்றது. முக்கோணச் சின்னம் 1976இல் கைகால் முளைத்து 'மிஸ்டர் உர்த்' என்ற கேலிச்சித்திர உருவமாயிற்று. சீருடை அணிவகுப்பிலிருந்து கேலிச்சித்திரத்துக்கு இறங்கிவிட்டார்களே என்று வருந்தியவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் ஆங்கிலத் தொலைக்காட்சியோடு போட்டியிட வேண்டிய காலம் அது. தொலைக்காட்சியும் பின்னர் வந்தது. 1982இல் தொடங்கிய வெல்ஷ் அலைவரிசைக்கு முதல் இயக்குநராக அமர்ந்தவர், 1939இல் அந்த ஏழு பிள்ளைகளுள் ஒருவராக இருந்த ஓவன் எட்வர்ட்ஸ்தான்.

2004இல் தலைநகர் கார்டிஃபில் துறைமுகத்தை ஒட்டிய வேல்ஸ் மில்லெனியம் கலையரங்க வளாகத்துக்குள் நகர மையம் திறக்கப்பட்டது. கடலும் மலையும் மட்டுமன்றி நாடகமும் சட்டமன்றமும் அருங்காட்சியகமும் வெல்ஷ் மொழியில் காணத்தக்கவை என்பதை அங்கு வரும் பிள்ளைகள் அறிந்தனர். 2008இல் தென் அமெரிக்காவின் பத்தகோனியாவுக்கு இளைஞர் பயணம் தொடங்கிற்று. 1865இல் வேல்ஸிலிருந்து சென்றவர்கள் மொழியைக் காக்கவென அர்ஜென்டினாவில் அமைத்த குடியேற்றம் அங்கே உள்ளது. அக்குடியேற்றத்தின் மூலவரான மைக்கேல் டி. ஜோன்ஸ், முதல் முகாம் நடந்த அதே லானியூக்லின் ஊரினர் என்பது எண்ணத்தக்கது.

கணக்கும் ஐயமும்

முகாம்கள் மொழியைக் காப்பாற்றிவிட்டன என்று முடித்துவிட ஆசைதான். கணக்கு அதற்கு இடந்தரவில்லை. 2001இல் 20.8 விழுக்காடாக உயர்ந்த எண்ணிக்கை 2011இல் 19.0 ஆகவும் 2021இல் 17.8 ஆகவும் இறங்கிற்று. ஐந்து முதல் பதினைந்து வயதினரிடையே 2011இல் 40.3 விழுக்காடாக இருந்தது 2021இல் 34.3 ஆயிற்று. 2050க்குள் பத்து லட்சம் பேர் என்ற இலக்கை வேல்ஸ் அரசு 2017இல் அறிவித்தது. அவ்விலக்கு இன்னும் தொலைவில் இருக்கிறது. முகாம் ஒரு வாரம். வீடு ஐம்பத்தொரு வாரம். திரும்பும் பேருந்தில் ஏறியதும் மீண்டும் ஆங்கிலத்தில் பேசத்தொடங்கும் பிள்ளைகளை எந்த ஏரியும் தடுத்து நிறுத்தாது.

எனினும் முகாமால் இயன்றது ஒன்று உண்டு. அம்மொழியில் தனக்கு மகிழ்ச்சி நேர்ந்திருக்கிறது என்ற நினைவை அது பிள்ளைக்கு அளிக்கிறது. இருபது ஆண்டுகள் கழித்துத் தன் குழந்தையை எந்த மொழியில் கொஞ்சுவது என்று ஒருத்தி முடிவு செய்யும் நொடியில், இலக்கண வகுப்பு அவள் நினைவுக்கு வருவதில்லை. படகு கவிழ்ந்து எல்லாரும் நனைந்து சிரித்த பிற்பகல் வரக்கூடும். அந்த நொடியில்தான் மொழியின் விதி எழுதப்படுகிறது.

2021இல் ஆப்கானிஸ்தானிலிருந்து வெளியேறி வந்த குடும்பங்களுக்குக் கார்டிஃப் மையத்தில் உர்த் தங்குமிடம் அளித்தது. மறு ஆண்டு உக்ரைனியர்களும் வந்தனர். அப்பிள்ளைகள் அங்கே விளையாடினர். விளையாட்டோடு வெல்ஷ் சொற்களையும் கற்றனர். காபூல் பிள்ளைகள் அம்மொழியில் வெற்றிக்கூச்சல் எழுப்பியதைக் கேட்டிருந்தால், 1922இல் அந்த வேண்டுகோளை எழுதிய இளைஞர் மகிழ்ந்திருப்பார். சக மனிதருக்கும் உண்மையாக இருப்பேன் என்பது அவர் எழுதிய உறுதிமொழியின் இரண்டாம் பகுதி அல்லவா?

நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் அம்புலியை விளையாட அழைத்தும், சிற்றிலும் சிறுதேரும் அம்மானையும் ஊசலும் எனப் பருவங்கள் வகுத்தும் பாடினர். குழந்தையின் வளர்ச்சியை விளையாட்டாலேயே அளந்த மரபு நம்முடையது. அம்மரபை வகுப்பில் நடத்தும்போது பாட்டுக்குப் பொருள் சொல்லிவிட்டு அடுத்த பருவத்துக்குப் போய்விடுவதே இதுவரை என் வழக்கமாக இருந்தது. இப்போது ஒன்றைக் கேட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. உங்கள் தெருவில் பிள்ளைகள் எந்த மொழியில் விளையாடுகிறார்கள்?

லானியூக்லின் ஊரின் நுழைவாயிலில் தந்தையும் மகனும் இணைந்து நிற்கும் சிலை ஒன்று உண்டு. கழுத்தில் கட்டை சுமந்தவர் ஒருவர். கூடாரம் அடித்தவர் மற்றொருவர். சற்றுத் தொலைவில் ஏரி. கோடையில் அங்கே பிள்ளைகளின் படகுகள் போய்க்கொண்டிருக்கின்றன.